‘வாறம்’ என்ற சொல்லும் பன்னிரண்டு பரப்புக் காணியும்

வடமராட்சிக் கழகத்தை யாழ்ப்பாணக் கிரிக்கெட் லீக்கில் சேர்த்து வைத்தவர் நீங்கள்தானே என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் மறுத்துப் பேசுவதில்லை. வயது போனவனுக்குத் தானாக வரும் மரியாதையை ஏன் தட்டிவிட வேண்டும்? ஆனால் உண்மை வேறு. அதைத் தீர்மானிக்கக் கூடிய கூட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று கை தூக்கிய மூன்று பேரில் ஒருவன் நான். என் கையைத் தூக்கியதோடு நிற்காமல், பக்கத்துக் கதிரையில் இருந்தவரின் முழங்கையில் தட்டி அவர் கையையும் தூக்க வைத்தவன் நான்தான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்திய கதை இது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஆறு கழகங்கள் சேர்ந்து ஒரு கிரிக்கெட் லீக் நடத்திக்கொண்டிருந்தோம். தை பிறந்து மழை ஓய்ந்ததும் தொடங்கும். பங்குனி வெயில் தலையைப் பிளக்கும்போது முடியும். கோட்டைக்குப் பக்கத்து முற்றவெளியில் தேங்காய்த் தும்புப் பாயை விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தால் அதுதான் ஆடுகளம். அந்த லீக்குக்கு நான் செயலாளர். பகலில் காணிக் கந்தோரில் எழுதுவினைஞர். நாள் முழுக்க மற்றவர்களுடைய காணி உறுதிகளை வாசிப்பதுதான் வேலை. ஒரு சொல் விடுபட்டால் கிணற்றில் பங்கு போய்விடும், ஒரு சொல் கூடினால் பாதை போய்விடும். இப்படி ஐந்து வருஷம் வாசித்தவனுக்கு எவரையும் நம்பத் தோன்றாது. பிறந்ததிலிருந்தே நான் அப்படித்தான் என்று அம்மா சொல்லுவா. பால் தந்தால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பேனாம்.

ஆடி மாதம் நெல்லியடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வடமராட்சியில் தாங்கள் ஒரு கழகம் தொடங்கியிருப்பதாகவும், லீக்கில் தங்களையும் சேர்த்து, ஆட்டங்களில் பாதியைத் தங்கள் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆங்கிலக் கடிதம். ஒரு பிழை கிடையாது. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அந்தப் பிழையின்மையில்தான்.

எங்கள் லீக் தலைவர் ஒரு பிரக்கிராசி. நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். கடிதத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

“உவையள் ஏன் இப்ப இஞ்சாலை வரப் பாக்கினம்? இவ்வளவு நாளும் எங்கை இருந்தவை?”

“அதுதான் நானும் யோசிக்கிறன்” என்றேன்.

“வல்வெட்டித்துறைப் பக்கம் ஒருத்தன் பந்து போடுறானாம். போடுறதோ எறியிறதோ தெரியாது. நீர் ஒருக்காப் போய் வடிவாப் பாத்துக்கொண்டு வாரும். வாக்கு மட்டும் குடுத்திடாதையும் காணும்.”

வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது இரண்டு வருஷமாக ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தவன் நான்.

துணைக்கு நானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியகடையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அண்ணன் முறை. பட்டினத்தில் இன்னொரு கழகத்துக்கு விக்கெட் காப்பாளர். எனக்கு நேர்மாறான ஆள். ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளுவார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஆவணிச் சோளகக் காற்று முதுகில் தள்ள, சைக்கிளில் போனோம். பதினேழு பதினெட்டு மைல். அச்சுவேலி தாண்டி வல்லை வெளி வந்ததும் காற்று எங்களை மிதிக்கவே விடவில்லை, தானாகக் கொண்டுபோனது. “பாத்தீரே, ஊரே வா எண்டு கூப்பிடுது” என்றார் நானா. போகும்போது இப்படித் தள்ளுகிற காற்று திரும்பும்போது முகத்தில் அறையும் என்று நான் சொன்னேன். அதன்படியே நடந்தது.

என் சைக்கிள் கரியரில் ஒரு நில அளவைச் சங்கிலி இருந்தது. கந்தோரில் தெரிந்த நில அளவையாளரிடம் இரவல் வாங்கியது. ஒரு சங்கிலி என்பது இருபத்திரண்டு யார், அதாவது கெஜம். விக்கெட்டுக்கு விக்கெட் தூரமும் அதுதான். இவர்கள் களத்தைக் கட்டையாக அமைத்திருப்பார்கள், வேகப் பந்துக்காரனுக்கு வசதியாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கழகத்தின் தலைவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், முப்பத்தைந்து வயது மதிக்கலாம். என் சங்கிலியைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். அளந்தோம். ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“சரியோ?” என்றார் வாத்தியார்.

“சரி” என்றேன். இவ்வளவு சரியாக இருப்பதும் நல்லதல்ல என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

பந்துக்காரரையும் பார்த்தேன். பாய்க்கப்பல் ஓட்டுகிற குடும்பம். கயிறு இழுத்து இழுத்துத் தோள் திரண்ட மனிதர். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சுருட்டிவிட்டு, மட்டையோடு நின்ற எனக்கு ஆறு பந்து போட்டார். முழங்கை ஒருதரமும் மடியவில்லை. ஐந்து பந்து எனக்குக் கண்ணிலேயே படவில்லை. ஒன்று தொடையில் பட்டது. பத்து நாள் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை.

பிறகுதான் மைதானத்தின் விஷயம் தெரிந்தது. சுற்றிவர இருந்தது தரவை, மாடு மேய்கிற பொது வெளி. அது மேடும் பள்ளமும். ஆடுகளம் விழுந்த நடுப் பகுதி மட்டும் சமநிலம், பன்னிரண்டு பரப்பு, முக்கால் ஏக்கர். அது வாத்தியாருடைய மனைவியின் சீதனத் தோட்டம். வருஷா வருஷம் புகையிலை வைக்கிற காணி. எங்கள் ஊரில் சீதனக் காணி பெண்ணுடையது. புருஷன் தன் இஷ்டத்துக்கு அதில் ஒரு குழி வெட்ட முடியாது. இது எனக்குத் தொழில்முறையில் நன்றாகத் தெரியும். ஆகவே வடமராட்சிக்கு லீக் போகுமா என்ற கேள்வி எங்கள் தலைவர் கையிலும் இல்லை, வாத்தியார் கையிலும் இல்லை. கார்த்திகையில் அந்தத் தோட்டத்தில் புகையிலை நாற்றை, எங்கள் பேச்சில் கண்டு, வைப்பதா விடுவதா என்று முடிவு சொல்லவேண்டிய ஒரு பெண்ணின் கையில் இருந்தது. லீக் வந்தால் அந்த மண் மைதானம். வராவிட்டால் புகையிலைத் தோட்டம். இரண்டும் ஒன்றாக முடியாது.

அவர்கள் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். எனக்கு மூக்கு வைத்த வெண்கலக் குவளை, மூக்குப்பேணி வந்தது. முஸ்லிம்களுக்கு வேறு பாத்திரம் வைக்கிற வீடுகளும் உண்டு, நானாவுக்கு எதில் வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சோடியில் மற்றப் பேணி வந்தது, கூடவே பனங்கட்டித் துண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்தேன். நானாவும் பார்த்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அப்படியான இடங்களில் அவர் எப்போதும் பார்ப்பாராம், சொல்லுவதில்லை, அவ்வளவுதான்.

புறப்படும் நேரம். நானா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு வாத்தியாருடன் ஐந்து நிமிஷம் கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து சைக்கிளில் ஏறி முன்னே போய்விட்டார். நான் வாசல் படலையடியில் குனிந்து சங்கிலியைக் கரியரில் கட்டிக்கொண்டிருந்தேன். சோளகம் காதுக்குள் கூவியது. வாத்தியாரின் மனைவி படலைவரை வந்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. போகிறவனிடம் வேறென்ன சொல்லப் போகிறார்கள்? தலையை ஆட்டிவிட்டு, “ஓம் அக்கா, அப்ப வாறம்” என்றேன்.

நாங்கள் எவரும் ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது அமங்கலம். இனித் திரும்பாதவன்தான் போகிறான். மற்றவர்கள் எல்லோரும் ‘போட்டு வாறம்’ என்போம், அவசரத்தில் வெறும் ‘வாறம்’. கடன்காரன் வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவோம், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்லுவோம். அதை ஒருவரும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை.

அடுத்த மாதம் கூட்டம். என் அறிக்கையை நான் எழுதிய விதம் எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. களம் சரியான அளவு, ‘ஆனால்’ தூரம். பந்துக்காரர் கை நேரானது, ‘ஆனால்’ வேகம் அபாயமானது. உபசாரம் நன்று, ‘ஆனால்’ அதற்கு ஏதும் நோக்கம் இருக்கலாம். தங்கள் பக்கத்து மத்தியஸ்தரையே போடுவார்கள், வல்லை வெளியைத் தாண்டிப் போனவன் களைத்துத் தோற்பான், இரண்டு வருஷத்தில் கிண்ணம் அங்கே போய்விடும் என்று ஆளுக்காள் பேசினார்கள். ‘எங்களுக்குப் பயமாக இருக்கிறது’ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தொடை இன்னும் நொந்துகொண்டிருந்தது.

கழகத்துக்கு ஒரு கை, மூன்றுக்கு மூன்று. தன் கழகத்துக்காக வந்திருந்த நானா சேர்க்கலாம் என்ற பக்கம். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாப்பம்” என்றார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘பாப்பம்’ என்று சொன்னால் அந்தக் காரியத்தை இனி ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். பாப்பம் என்பதற்கெல்லாம் ஒரு செயலாளர் கடிதம் எழுத முடியுமா? எழுதாமல் விட்டேன்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் நெல்லியடியிலிருந்து மறுபடியும் கடிதம். ‘தாங்கள் நேரில் வந்தபோது வாக்களித்தபடி முதலாவது ஆட்டத்தை வருகிற சனிக்கிழமை வைத்திருக்கிறோம். தென்னங்கிடுகினால் பந்தல் போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.’

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அரைவாசியாகிவிட்டேன். “ஆர் காணும் வாக்குக் குடுத்தது?”

“நான் இல்லை!” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நான் இல்லையென்றால் யார்? அங்கே போனது இரண்டு பேர். கிணற்றடியில் கால் கழுவிய ஐந்து நிமிஷம் என் மனதில் வந்து நின்றது. நம்புகிற மனிதர், இளகின மனிதர், கேட்டதும் ஓம் என்றிருப்பார். கூட்டத்திலும் அவர்கள் பக்கம்தானே கை தூக்கினார்? எல்லாம் பொருந்தி வந்தது. உறுதியை வாசித்துக் கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடித்தவனைப் போல நேரே பெரியகடைக்கு நடந்தேன்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

“உமக்கு வாக்குக் குடுக்க ஆர் அதிகாரம் தந்தது?”

“என்ன வாக்கு? ஆருக்கு?”

“கிணத்தடியிலை வாத்தியாரோடை என்ன கதைச்சனீர்?”

“விக்கெட் காக்கிற கையுறையைப் பற்றிக் கதைச்சன். அந்தா, ஆணிப் பெட்டிக்கு மேலை கிடக்குது, அந்தக் கையுறையைப் பற்றி. ஏன்?”

“உங்கடை ஆக்களை நம்பிக் கூட்டிக்கொண்டு போனன் பாரும், அது என்ரை பிழை.”

உங்கள் கழகத்து ஆட்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று அன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆறு வருஷம் என்னோடு ஒரே பேணியில் தேத்தண்ணி குடித்தவரின் காதில் அது எப்படி விழுந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியைத் தொடர்ந்து நிறுத்தார். நான் வெளியே வந்தேன். வெற்றி பெற்றவனைப் போல நடந்துவர வேண்டியவன், ஏனோ தெரியவில்லை, வேகமாக நடந்து வந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியே நெல்லியடிக்குப் போனேன், அப்படி ஒரு வாக்கு இல்லை என்று நேரில் சொல்ல. இப்போது வாடைக்காற்று. போகவே எதிர்க்காற்று. வல்லை வெளியில் அரைவாசித் தூரம் சைக்கிளை உருட்டித்தான் போனேன்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில். அவர் மனைவிதான் வீட்டில் நின்றார். புதுக்கிடுகு மணத்தது. பந்தலுக்கு அப்பால் பன்னிரண்டு பரப்பும் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துத் தோட்டங்களில் புகையிலை முழங்கால் உயரம் வந்திருந்தது.

“என்ரை சிநேகிதர் ஏதும் சொல்லியிருந்தால் அது லீக்கின்ரை வாக்கில்லை, அக்கா” என்று தொடங்கினேன்.

“அவரோ? அவர் ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“நானோ?”

“ஓம். இந்தப் படலையடியிலை நிண்டு கேட்டனான், ‘தைக்கு ஆட வருவியளோ, கார்த்திகையிலை கண்டு வைக்காமல் விடட்டோ’ எண்டு. நீங்கள் தலையையும் ஆட்டி, ‘ஓம் அக்கா, அப்ப வாறம்’ எண்டு சொன்னீங்கள்.”

காதில் கூவிய சோளகமும், அசைந்த வாயும், கரியரில் கட்டிய சங்கிலியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு கடையில் ஆணி நிறுத்த கை நினைவுக்கு வந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டேன், என் வாயை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

“அக்கா, அது... வெளிக்கிடேக்கை எல்லாரும் சொல்லுறது.”

“சொல்லுறதுதான். ஆனால் கேட்டதுக்கு மறுமொழியா ஆரும் சொல்லுறதில்லை.” அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “நான் இந்த முறை கண்டு வைக்கேல்லை. அது போகட்டும். திங்கக்கிழமை கொத்துறதுக்கு ஆள் சொல்லியிருக்கிறன். சனிக்கிழமை நீங்கள் வந்தால் அவையளை மறிச்சுப்போடுவன். வராட்டில் கொத்தி வெங்காயம் வைப்பன். பிறகு ஒருத்தரும் வந்து என்னட்டைக் காணி கேக்கக் கூடாது. இவர் கேட்டாலும் குடுக்கன்.”

புறப்பட வேண்டும். படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘வாறன்’ என்று சொன்னால் அது வாக்கு. ‘போறன்’ என்று ஒரு நல்ல வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வது? அவரும் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், “வாறன்” என்றேன். பிறந்த நாளிலிருந்து ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். யோசித்துச் சொன்னது அதுதான் முதல் தரம்.

தலைவர் ஒப்பவில்லை. லீக்கின் பெயரை எடுக்கக் கூடாது, போவதென்றால் உம்முடைய கழகத்தைக் கூட்டிக்கொண்டு போம் என்றார். என் கழகத்தில் பாதிப் பேர் அந்தப் பந்துக்காரரின் பெயரைக் கேட்டதும் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆள் ஆளாக வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம்வரை என்னோடு சேர்த்து ஒன்பது பேர். விக்கெட் காப்பாளர் இல்லை. பெரியகடைப் பக்கம் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் கடை வாசலைத் தாண்டி நடந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில் எங்கள் பஸ் நின்றது. ஏறினேன். முன் இருக்கையில் நானா இருந்தார். மடியில் கையுறை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் போய் நின்றேன். “நான்தான் சொல்லியிருக்கிறன், நானா. நீர் இல்லை. நான் உம்மைக் கடையிலை வைச்சுச் சொன்னது...”

“அது தெரியும். வாத்தியார் காயிதம் போட்டவர்.”

“பிறகேன் வந்தனீர்?”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “நீர் அந்த மனுசியிட்டை ‘வாறன்’ எண்டோ சொன்னனீர்? ‘வாறம்’ எண்டெல்லோ சொன்னனீர். அதுக்கை நானும் இருக்கிறன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்துப் பேரோடு ஆடி நன்றாகத் தோற்றோம். என் விக்கெட் இரண்டாவது பந்தில் விழுந்தது. திரும்பிக் குச்சியைப் பார்ப்பதற்கு முன் பந்துக்காரரின் முழங்கையைத்தான் பார்த்தேன், பழக்கம் விடுமா? மத்தியஸ்தர் அவர்கள் ஊர்க்காரர். மூன்று முறை எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதிலும் ஏதாவது இருக்குமோ என்று சாப்பிடும்போது யோசித்தேன். தரவை முழுக்கச் சனம். மாடுகள் பந்தலுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தன.

பின்னேரம் புறப்பட்டோம். படலையடியில் வாத்தியாரின் மனைவி நின்றார். பஸ்ஸிலேயே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்: அங்கே வைத்து ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு, செத்த வீட்டிலிருந்து போகிறவர்களைப் போல வாய் திறக்காமல் ஒவ்வொருவராக வெளியேறினோம். கடைசியாக வந்த நானா நின்று, நல்ல பெரிய குரலில், “அப்ப வாறம் அக்கா” என்றார்.

“எப்ப?” என்றார் அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் உற்றுப் பார்த்தேன். ஆவணி மாதம் அந்தப் படலையில் நின்று, என் காதில் விழாது என்று தெரிந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாரோ என்று அந்த நிமிஷம்தான் எனக்கு முதன்முதல் தோன்றியது. இன்றைக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

லீக்கின் கொப்பியை எடுத்தேன். அந்த வருஷத்து ஆட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன; எல்லாவற்றுக்கும் எதிரே முற்றவெளி என்று எழுதியிருந்தது. தலைவரைக் கேட்கவில்லை, கூட்டத்தைக் கேட்கவில்லை. ஒரு முற்றவெளியை வெட்டிவிட்டு நெல்லியடி என்று எழுதினேன்.

“மாசி ரெண்டாம் சனி” என்றேன்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார். “காத்துக்குச் சரியாக் கேக்கேல்லை.”

அன்றைக்குக் காற்றே இல்லை.